நம் வீட்டை விற்க எடுத்த படங்கள்

திங்கட்கிழமை, காலை

மதிப்பிற்குரிய வார்டன் அம்மா அவர்கள் சமூகத்திற்கு,

உன் கணவன் எழுதிக்கொள்வது. வலது முழங்காலைத் தவிர மற்றபடி நான் சௌக்கியம். நீயும் நன்றாகத்தான் இருப்பாய். விடுதியில் நூற்று நாற்பது பெண்களைக் கட்டி மேய்க்கிறவளுக்கு உடம்பு முடியாமல் போக நேரம் ஏது?

இந்த மனுஷன் என்ன திடீரென்று கடிதம் எழுதுகிறான் என்று நினைக்காதே. நீதான் சொன்னாய். போனில் ஒன்று கேட்டால் இன்னொன்று சொல்கிறேனாம், பாதிப் பேச்சுக்கு 'ம்' கொட்டுகிறேனாம், லென்ஸைத் துடைத்துக்கொண்டே பேசுகிற சத்தம் அங்கே வரை கேட்கிறதாம். சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்கள், அப்போதாவது ஒரு வாக்கியம் முழுதாக வரும் என்றாய். சரி, எழுதுகிறேன். படித்துவிட்டுக் கையெழுத்தைக் குறை சொல்லாதே.

முதலில் படங்கள் விஷயம். நம் வீட்டை விற்க நான் எடுத்த பதினான்கு படங்களும் படு மோசம் என்று சொன்னாய். பதினோரு வருடமாக விற்பனைக்கு வருகிற வீடுகளையெல்லாம் படமெடுத்துக் கொடுத்துப் பிழைக்கிறவன், சொந்த வீட்டை எடுக்கத் தெரியாமல் நிற்கிறானே என்று நீ சிரித்தது எனக்குக் கேட்டது. சிரித்துக்கொள். ஆனால் காரணம் இல்லாமல் ஒரு படம் கெடாது.

முதல் குற்றவாளி, நீ ஆசைப்பட்டு வாங்கி மாட்டிய மஞ்சள் திரை. வெயில் அதன் வழியாக வந்து சுவர் முழுக்க மஞ்சள் பூசிவிடுகிறது. கேமரா என்ன செய்யும்? எவ்வளவு பெரிய கேமராவாக இருந்தாலும் எது வெள்ளை என்று அதற்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்காகவே என் பையில் ஒரு சாம்பல் நிற அட்டை கிடக்கிறது. அறை நடுவே அதை நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டால், மற்ற படங்களின் நிறத்தை அதை வைத்துக் கம்ப்யூட்டரில் சரிசெய்துவிடலாம். நம் வீட்டில் எடுத்த அன்று அட்டையை எடுக்கவில்லை. பை பக்கத்து அறையில்தான் இருந்தது. எழுந்து போகச் சோம்பலாக இருந்தது.

அப்புறம் பல்பு. ஹாலில் ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். பிறத்தியார் வீடாக இருந்தால் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுப்பேன். இங்கே அதுவும் தோன்றவில்லை. கதவு நிலையெல்லாம் குடித்தவன் மாதிரி சாய்ந்து நிற்கிறது என்றாயே, அது கேமராவைத் தலை உயரத்தில் வைத்துக் கீழே குனிய வைத்ததால் வந்தது. ஸ்விட்ச் போர்டு உயரத்தில் ஸ்டாண்டை நிறுத்தி, லென்ஸை நேராகப் பார்க்க வைத்தால் சுவர் சுவராக நிற்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் செய்வேன். அன்று செய்யவில்லை. முழங்கால் வலி என்று வைத்துக்கொள்.

நான் எடுத்து ஒரு படம் கெட்டது இது முதல் தடவையும் இல்லை. நீ வேலையில் சேரும்போது அடையாள அட்டைக்கு ஒரு படம் கேட்டாய். அறைகளை எடுக்கிற வைட் லென்ஸைக் கழற்றாமல், அப்படியே உன் முகத்துக்குக் கிட்டே கொண்டு வந்து எடுத்தேன். மூக்கு ஹாலில் இருந்தது, காது சமையலறையில் இருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு தெருமுனை ஸ்டுடியோவுக்குப் போய் ஐந்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய். அந்த ஸ்டுடியோக்காரர் எதிரே வந்தால் இப்போதும் நான் சாலையின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடுகிறேன்.

தரகர் உன்னை விசாரித்தார். நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இடுப்பில் ஐம்பது அறுபது சாவி தொங்குமே, நாம்கூடச் சாவிக்கொத்து என்று பெயர் வைத்தோமே, அவர்தான். நம் வீட்டை இணையத்தில் போட்டு மூன்று வாரம் ஆகிறது, ஒரு ஈ காக்காய் கூடப் பார்க்க வரவில்லை. போன வாரம் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் சார், அடுத்தவன் வீட்டையெல்லாம் மாளிகை மாதிரி எடுக்கறீங்க. உங்க வீட்டை மட்டும் திருட்டுப் போன மறுநாள் போலீஸ்காரன் எடுத்த மாதிரி எடுத்து வச்சிருக்கீங்களே" என்றார். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மற்ற செய்திகள். குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, நானே வாஷர் மாற்றினேன். பக்கத்து வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்திவிட்டது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஒரு நாள் சமைத்தால் மூன்று நாள் வருகிறது. மூன்று வருடமாகியும் ஒரு ஆளுக்கு அளந்து சமைக்கக் கை வரவில்லை.

போன மாதம் நீ அனுப்பிய செய்தியை இன்று காலையில் மறுபடி எடுத்துப் படித்தேன். "வேலை நிரந்தரமாயிடுச்சு. இனிமே அந்த வீடு எதுக்கு? வித்துடுங்க." அவ்வளவுதான் இருக்கிறது. ஒரு வருடம் என்று சொல்லிவிட்டுப் போனது மூன்று வருடமாகி, இப்போது நிரந்தரமும் ஆகிவிட்டது. நீ இங்கே திரும்பி வரப் போவதில்லை என்பது எனக்குப் புரிகிறது. வீட்டை விற்ற பிறகு நான் எங்கே போவது என்பதை மட்டும் நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளே ஆண்களுக்கு அனுமதியில்லை என்று உங்கள் விடுதி வாசலில் பலகை இருப்பதை நீ அனுப்பிய படத்தில் பார்த்தேன். பெண்கள் விடுதி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

திரையைக் கழற்றி, பல்பை மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி எடுத்து அனுப்புகிறேன். பெண்களுக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிடுகிற பழக்கத்தை விடு. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


வியாழக்கிழமை, மதியம்

வார்டன் அம்மாவுக்கு,

உன் பதில் கிடைத்தது. நான் நாலு பக்கம் எழுதினால் நீ நாலு வரி எழுதுகிறாய். அதில் இரண்டு வரி கேள்வி. "அடுத்தவங்க வீட்டு ஜன்னல்ல எல்லாம் திரையே கிடையாதா?" என்பது ஒன்று. "உங்களுக்கு விக்க மனசு இருக்கா, இல்லையா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில்: இருக்கும், கழற்றி ஓரமாக வைத்துவிடுவேன். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். அதற்கு முன்னால் இங்கே நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும்.

சொன்னபடி எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன். திரையைக் கழற்றினேன், பல்பை அணைத்தேன், சாம்பல் அட்டையையும் வைத்தேன். ஒரு அறையை எப்படி எடுப்பேன் என்று நீ கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை. இப்போது கேள். ஜன்னல் பக்கம் வெளிச்சம் கண்ணைக் கூசும், மூலையில் இருட்டாக இருக்கும். ஒரே படத்தில் இரண்டும் நன்றாக வராது. அதனால் ஸ்டாண்டை அசைக்காமல், வெளிச்சத்தைக் குறைத்து ஒன்று, நடுத்தரமாக ஒன்று, கூட்டி ஒன்று என மூன்று எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்ப்பேன். மூன்றாவது படத்துக்கு ஏழெட்டு வினாடி வரை கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். கை பட்டால் ஆடிவிடும் என்பதால் டைமரைத் தட்டிவிட்டு அறையை விட்டு வெளியே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். பதினோரு வருடத்தில் எந்த வீட்டுக் கண்ணாடியிலும், எந்த டிவி திரையிலும் என் நிழல் கூட விழுந்ததில்லை.

எடுத்தேன், சேர்த்தேன், அனுப்பினேன். மறுநாள் காலை பத்து மணிக்குச் சாவிக்கொத்து வாசலில் நிற்கிறார். முகம் சரியில்லை. அவர் அப்படியே இணையத்தில் போட்டுவிட்ட படங்களைப் பார்த்த ஒரு குடும்பம் அவருக்குப் போன் செய்து, இந்த வீட்டில் யாராவது செத்துப் போனார்களா என்று கேட்டதாம். உள்ளே வந்து உட்காராமலே தன் போனை என் கையில் கொடுத்தார்.

ஹால் படம். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். முழு ஆளாக இல்லை, பாதி ஆள். சட்டைக்குள்ளே நாற்காலியின் முதுகுக் கம்பிகள் தெரிகின்றன. அடுத்தது சமையலறை. அடுப்புக்கு முன்னால் புகை மாதிரி ஒரு ஆள். படுக்கையறையில் கட்டில் ஓரத்தில் ஒரு ஆள் குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தலையே இல்லை.

என்ன நடந்திருக்கிறது பார். பிறத்தியார் வீட்டில் டைமரைத் தட்டிவிட்டு வெளியே போகிறவன், இங்கே டைமரைத் தட்டிவிட்டு அப்பாடா என்று என் நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறேன். பால் பொங்கிவிடுமே என்று அடுப்பை அணைக்கப் போயிருக்கிறேன். கால் வலிக்கிறதே என்று கட்டிலில் சாய்ந்திருக்கிறேன். நம் வீட்டில் இருக்கிற மாதிரியே இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். கேமரா பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பாதி நேரம் அங்கே இருந்ததால் பாதி ஆளாக விழுந்திருக்கிறேன். இப்படி ஒரு தப்பை, நேற்றுக் கேமரா வாங்கியவன் கூடச் செய்ய மாட்டான்.

சாவிக்கொத்து முதலில் திட்டினார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கிக்கொண்டார்.

"வீட்டை விக்கணும்னா மொதல்ல நீங்க அதை விட்டு வெளிய வரணும், சார்" என்றார்.

அனுப்பும் முன் ஒரு தடவை பார்த்திருக்கலாமே என்றும் கேட்டார். கண் முன்னைப் போல இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். நான் அந்தப் படங்களைப் பார்க்கவே இல்லை. திறந்து பார்க்க மனசு வரவில்லை. மொத்தமாக ஒரே பட்டனைத் தட்டிச் சேர்த்து, அப்படியே அனுப்பிவிட்டேன். உன் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில்.

பிறகு அந்த ஆளை அழிக்க வேண்டியிருந்ததால் ஹால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்தில் உன் நாற்காலி கச்சிதமாக விழுந்திருக்கிறது, மெத்தைத் துணியின் நூலைக் கூட எண்ணலாம். அவர்தான் கலங்கலாக, தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பார்க்கவே பாவமாக இருந்தது. யாராவது அந்த மனிதருக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தால் தேவலை என்று நினைத்தேன். எழுந்து போய் நானே போட்டுக் குடித்தேன்.

இத்தனை நாளாக நீ போனில் கேட்கும்போதெல்லாம், எனக்கென்ன, ஜம்மென்று இருக்கிறேன் என்று சொல்லிவந்தேன். அது பொய். சாயங்காலம் வேலை முடிந்து வந்து பூட்டைத் திறக்கிற நேரம் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. சில நாள் திறக்காமல் தெருவை இன்னொரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன்.

நீ கிளம்பிய நாளைப் பற்றி நாம் ஒரு தடவை கூடப் பேசியதில்லை. அன்று எனக்கு ஒரு செங்கல் வீட்டின் முகப்பை எடுக்க வேண்டியிருந்தது. அங்கே முகப்பில் வெயில் பதினோரு மணி வரைதான். உன் ரயில் பத்தரைக்கு. வெயில் போய்விடும் என்று சொல்லி உன்னை டாக்சியில் ஏற்றிவிட்டேன். நீ சரி, போங்க என்றாய். பெட்டியைக் கூட டிரைவர்தான் தூக்கி வைத்தார். அந்தப் படம் ரொம்ப நன்றாக வந்தது. வீடு நாலே நாளில் விற்றுப் போனது. யார் வீடு, எந்தத் தெரு என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதை அப்போதே உன்னிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

நீ சிரிப்பதற்காக அந்த ஹால் படத்தை மட்டும் பிரிண்ட் போட்டு இதற்குள் வைத்திருக்கிறேன். உன் பெண்களுக்குக் காட்டிவிடாதே, ராத்திரி தூங்காது அதுகள்.

இப்படிக்கு,
படத்தில் உட்கார்ந்திருப்பவன்


ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள மனைவிக்கு,

இந்தத் தடவை கிண்டல் வேண்டாம் என்று நேராகவே ஆரம்பிக்கிறேன். நான் சுகம். கடவுள் உன்னையும் அப்படியே வைத்திருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

போன கடிதத்துக்குப் பதில் வரும், வரும் என்று ஒன்பது நாள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் போனில் ஒரே ஒரு வரி வந்தது. "அந்த நீலச் சட்டையை இன்னும் தூக்கிப் போடலையா?" நான் எழுதிய அத்தனைக்கும் அந்த ஒரு வரி. அந்தப் படத்தில் சட்டையின் நிறம் கூடச் சரியாகத் தெரியாது, எதை வைத்துக் கண்டுபிடித்தாய்? திட்டுகிறாயா, விசாரிக்கிறாயா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ பக்கத்தில் இருந்தால் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். சட்டையைத் துவைத்து, காலர் கிழிசலைத் தைத்து, மடித்து வைத்திருக்கிறேன். தூக்கிப் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது தடவையாக வீட்டை எடுத்தேன். இந்தத் தடவை என் வேலையை எப்படிச் செய்வேனோ அப்படிச் செய்தேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போய், தெருவை ஒரு சுற்று சுற்றி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, முதல் தடவை வருகிறவன் மாதிரி பூட்டைத் திறந்து உள்ளே வந்தேன். செருப்பைக் கூட வாசலிலேயே விட்டேன். எந்த அறைக்கு எப்போது வெளிச்சம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். இருபத்தாறு வருடம் இருந்த வீட்டில், படுக்கையறைக்கு ஒன்பது மணி வெயில்தான் அழகு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. உனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

எடுப்பதற்கு முன்னால் சாமான்களை ஒதுக்க வேண்டும். குடியிருப்பது யார் என்று படத்தில் தெரியக் கூடாது என்பது சாவிக்கொத்தின் கண்டிப்பான விதி. பார்க்கிறவர்கள் தங்களைக் குடிவைத்துப் பார்க்க வேண்டுமாம். மற்ற வீடுகளில் நானே கறாராக நின்று எல்லாவற்றையும் எடுக்கச் சொல்வேன். இங்கே நானே எடுத்தேன். குளியலறை அலமாரியில் உன் சீப்பு, கட்டிலுக்கு அடியில் உன் வீட்டுச் செருப்பு, ரேடியோவுக்குப் பின்னால் உன் பழைய மூக்குக்கண்ணாடி, அலமாரி எட்டாமல் நீ ஏறி நிற்கிற குட்டி ஸ்டூல். நீ இல்லாமல் மூன்று வருடம் ஓடிப்போன வீட்டில், ஒதுக்கியபோது உன் சாமான் நான்கு பெட்டி வந்தது. என்னுடையது ஒரு பை. சமையலறை டப்பாக்களில் நீ எழுதி ஒட்டிய சீட்டுகளைக் கிழிக்கவில்லை. 'இது உப்பு, கண்ணைத் திறந்து பாருங்க' என்று இருக்கிறதே, அதைக் கிழிக்க மனசு வரவில்லை. எல்லா டப்பாவையும் எழுத்து சுவர்ப் பக்கம் போகும்படி திருப்பி வைத்தேன்.

சமையலறையில் ஸ்டாண்டை நிறுத்தி, மட்டம் பார்த்து, ஃபோகஸ் பார்க்கக் குனிந்தேன். "கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்றது என் வாய். அறையில் யாரும் இல்லை. நான் அப்படியே ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

புது லென்ஸ் வாங்கினாலும், பழையதைப் பழுது பார்த்தாலும் முதலில் சோதித்தது நம் சமையலறையில்தான். அங்கேதான் காலை வெளிச்சம் நேராக விழும். அங்கேதான் நீயும் நிற்பாய். தள்ளிக்கோ என்பேன், கரண்டியோடு ஓரமாகப் போவாய். இன்னும் கொஞ்சம் என்பேன், சுவரோடு ஒட்டி நிற்பாய். எடுத்து முடித்ததும் சரி என்று சொல்லக் கூட மாட்டேன், கம்ப்யூட்டருக்குப் போய்விடுவேன். அன்று வேலையை நிறுத்திவிட்டு, பதினோரு வருடப் படங்களையும் திறந்து தேடினேன். நம் சமையலறை மட்டும் முந்நூறுக்கு மேல் இருக்கிறது. ஒன்றில் கூட நீ இல்லை. ஒரே ஒரு படத்தில் இடது ஓரத்தில் உன் முழங்கை விழுந்திருக்கிறது. அதுவும் நான் வெட்ட மறந்ததால் மிஞ்சியது. ஒரு தடவையாவது அங்கேயே நில் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வேலையை முடித்தேன். டைமரைத் தட்டினேன், கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். இந்தத் தடவை ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தேன். சுவர் நேராக இருக்கிறது, வெள்ளை வெள்ளையாக இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிகிறது, ஆள் யாரும் இல்லை. நான் எடுத்ததிலேயே இதுதான் சிறந்த வீடு என்று சாவிக்கொத்து சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

படம் போட்ட மூன்றாம் நாள் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் சுவரையெல்லாம் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார். அந்த அம்மா நேராகச் சமையலறைக்குப் போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, படத்தில் பார்த்ததைவிட நேரில் நன்றாக இருக்கிறது என்றார். என் தொழிலுக்கு இது அவமானம். இருந்தாலும் நீ வைத்திருந்த இடத்தை ஒருவர் நன்றாக இருக்கிறது என்றது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பேசி முடித்துவிட்டோம். மாதக் கடைசியில் சாவி கொடுக்க வேண்டும். நீ சொன்னபடி வீட்டை விற்றுவிட்டேன்.

இப்போது நான் கேட்காமல் விட்டதைக் கேட்கிறேன். நான் எங்கே போவது?

சாவிக்கொத்து ஒரு மாடி அறை பார்த்து வைத்திருக்கிறார். காற்றோட்டமாக இருக்கிறதாம், தனி ஆளுக்கு அது போதும் என்கிறார். போதும்தான். ஆனால் எனக்கு அங்கே போக வேண்டாம். எனக்கு உன் பக்கத்தில் இருக்க வேண்டும். விடுதிக்குள் காலை வைக்க மாட்டேன், பலகையை மதிக்கிறேன். அந்தத் தெருவிலோ அடுத்த தெருவிலோ ஒரு அறை இருந்தால் போதும். நீ உன் வேலையை ஒன்றும் குறைத்துக்கொள்ள வேண்டாம். ஓய்வு கிடைக்கிற நாளில் வந்து, நான் சமைத்து வைத்திருக்கிற மூன்று நாள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போ. அங்கேயும் வீடுகள் விற்பனைக்கு வரும், எனக்கு வேலை கிடைக்கும். உன் பெண்கள் அத்தனை பேருக்கும் அடையாள அட்டைப் படம் எடுத்துத் தருகிறேன். பயப்படாதே, மனிதர்களை எடுப்பதற்கு வேறு லென்ஸ் இருக்கிறது. ஏழெட்டு அடி தள்ளி நின்று, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணில் ஃபோகஸ் வைத்து, எதிரில் இருப்பவர் மூச்சு விட்டு நிதானமாகிற வரை காத்திருக்க வேண்டும். சாவிக்கொத்தை உட்கார வைத்து ஒரு வாரம் பழகினேன். அவர் அந்தப் படத்தைத் தன் கடைப் பலகையில் மாட்டிவிட்டார்.

வர வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அதையும் தயங்காமல் எழுது. உன்னை டாக்சியில் தனியாக ஏற்றி அனுப்பியவனுக்குக் கோபித்துக்கொள்ள உரிமை கிடையாது. அங்கே உனக்குப் பேச்சுத் துணைக்கு நூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். என்ன பதில் வருமோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உன் பதில்தான் வேண்டும், நானாக ஒன்றை நினைத்துக்கொண்டு இருக்க இனி முடியாது.

நேற்றுத் தபால் நிலையத்துக்குப் போயிருந்தேன். வீடு மாறினால் நம் பெயருக்கு வருகிற தபாலை இனி எங்கே அனுப்ப வேண்டும் என்று ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டுமாம். பெயர் எழுதினேன். பழைய முகவரி எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். புதிய முகவரி என்று மூன்று கோடு போட்டிருந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். உன் விடுதி முகவரி எனக்கு மனப்பாடம், ஆனாலும் உன்னைக் கேட்காமல் அந்தத் தெருவின் பெயரைக் கூட எழுதக் கை வரவில்லை. கவுன்டரில் இருந்த பெண் அதையும் நிரப்பிக் கொடுங்க சார் என்றாள்.

"வீட்ல கேட்டுட்டு எழுதித் தர்றேம்மா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் பெண்கள் எல்லோரும் நன்றாகப் படிக்கட்டும், நன்றாக இருக்கட்டும். உன் உடம்பைப் பார்த்துக்கொள். படிவத்தை இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். இருபத்தைந்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். அந்த மூன்று கோட்டில் உன் கையால் எழுதி அனுப்பு.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் கணவன்